சிறு விமானத்தின் கருவிப் பலகை: மாற்றுவதற்கு முன் யோசிக்க வேண்டியவை

2005ஆம் ஆண்டு ஆகஸ்டு 11ஆம் தேதி கோல சிலாங்கூரிலும் கிள்ளான் துறைமுகத்திலும் அவசர நிலை பிறப்பிக்கப்பட்டது. கலவரமோ வெள்ளமோ அதற்குக் காரணமல்ல, புகைமூட்டம்தான் காரணம். காற்றுத் தூய்மைக் கேட்டுக் குறியீடு 500ஐத் தாண்டியது. பள்ளிகள் மூடப்பட்டன. மக்கள் முகக் கவசம் அணிந்து நடமாடினர். தோட்டப்புறத்தில் இருந்தவர்களுக்கு அந்த நாட்கள் நன்றாக நினைவிருக்கும். எதிர் வரிசை வீடு தெரியாது, சூரியன் செந்நிறத் தட்டாகத் தொங்கும், வானம் எங்கே முடிகிறது, செம்பனை எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாது.

தரையில் இருப்பவருக்கு இது இருமலும் கண் எரிச்சலும் தருகின்ற தொல்லை. ஆயிரம் அடி உயரத்தில் ஒரு சிறு விமானத்தை ஓட்டிக் கொண்டிருப்பவருக்கோ உயிர்ப் பிரச்சினை. அவருக்கு எது மேல், எது கீழ் என்று காட்டுவது அடிவானக் கோடு. அது மறைந்துவிட்டால் அவரைக் காப்பாற்றக் கூடியது கண்ணெதிரே இருக்கும் கருவிப் பலகை ஒன்றுதான். பழைய சிறு விமானம் வைத்திருப்பவர்கள் அந்தப் பலகையைப் புதுப்பிக்க நினைக்கும்போது எதை முதலில் பார்க்க வேண்டும், எதில் பணம் வீணாகும், எங்கே ஆபத்து ஒளிந்திருக்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம்.

சொந்த விமானம் வைத்திருக்கும் தமிழர் எத்தனை பேர் என்று சிலருக்குச் சிரிப்பு வரலாம். ஆனால் விமானம் என்றாலே பெரும் செல்வந்தரின் பொம்மை என்று நினைக்க வேண்டியதில்லை. 40, 50 ஆண்டு பழைய விமானம் ஒன்றை நான்கைந்து பேர் கூட்டாகச் சேர்ந்து வாங்கிப் பராமரிப்பது உலகெங்கும் உள்ள வழக்கம். நம் பிள்ளைகள் பலர் விமானிப் பயிற்சிக்குச் செல்கிறார்கள், அவர்கள் ஏறிப் பழகுவதும் இத்தகைய பழைய விமானங்களில்தான். அதோடு, இந்த விமானங்கள் யார் வீட்டுக் கூரைக்கு மேலே பறக்கின்றனவோ அவர்களுக்கும் இதில் அக்கறை உண்டு.

178 வினாடிகள்

அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்தில் 1954ஆம் ஆண்டு ஒரு சோதனை நடந்தது. கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கப் பயிற்சி பெறாத 20 பேரிடம், வெளியே எதுவும் தெரியாத நிலையில் விமானத்தை ஓட்டச் சொன்னார்கள். இருபது பேரும் கட்டுப்பாட்டை இழந்தார்கள். ஒருவர் கூடத் தப்பவில்லை. மிகக் குறைந்த நேரம் 20 வினாடி, மிக அதிகம் 480 வினாடி. சராசரி 178 வினாடி, அதாவது மூன்று நிமிடம் கூட இல்லை. நல்ல வேளையாகப் பக்கத்தில் பயிற்சியாளர் இருந்தார்.

காரணம் திறமைக் குறைவு அல்ல. மனிதனின் உள்காதில் இருக்கும் சமநிலை உறுப்பு தரையில் நடப்பதற்காக அமைந்தது. விமானம் மெதுவாக ஒரு பக்கம் சாயத் தொடங்கினால் அது உணராது. சாய்ந்தபடியே சற்று நேரம் சுற்றினால் நேராகப் போகிறோம் என்றே சொல்லும். பிறகு விமானத்தை நேராக்கினால், மறுபக்கம் சாய்கிறோம் என்று அலறும். அந்த உணர்வை நம்பித் திருத்தப் போனவர்கள் வட்டமடித்துக் கொண்டே தரையை நோக்கி இறங்குகிறார்கள்.

இதற்கு மாற்று வழி 1929இலேயே கண்டறியப்பட்டது. அந்த ஆண்டு செப்டம்பர் 24ஆம் தேதி ஜிம்மி டூலிட்டில் என்ற அமெரிக்க விமானி, தன் இருக்கையை முழுவதும் மூடிக்கொண்டு, வெளியே எதையும் பாராமல் விமானத்தை மேலே கிளப்பி, சுற்றி வந்து, திரும்ப இறக்கினார். முன் இருக்கையில் பாதுகாப்புக்காக இன்னொரு விமானி அமர்ந்திருந்தார். ஆனால் அவர் கட்டுப்பாடுகளைத் தொடவில்லை. டூலிட்டிலுக்கு உதவியவை ஸ்பெர்ரி நிறுவனத்தின் செயற்கை அடிவானமும் திசை காட்டும் சுழலியும், கோல்ஸ்மேன் என்பவர் செய்த நுட்பமான உயரமானியும், வானொலிச் சமிக்ஞையும்தான். இன்றைய எந்தச் சிறு விமானத்தின் பலகையைப் பார்த்தாலும் அவற்றின் வாரிசுகள் அங்கே இருக்கும்.

பழைய பலகையில் என்ன இருக்கிறது?

உலகில் மிக அதிகமாகச் செய்யப்பட்ட விமானமான செஸ்னா 172ஐ எடுத்துக் கொள்வோம். 1956இல் விற்பனைக்கு வந்த இது இதுவரை 44,000க்கும் மேல் உற்பத்தியாகியிருக்கிறது. 1970களில் வந்த ஒரு செஸ்னாவில் விமானிக்கு எதிரே ஆறு வட்டக் கருவிகள் இருக்கும். மேல் வரிசையில் வேகமானி, செயற்கை அடிவானம், உயரமானி. கீழ் வரிசையில் திருப்பங்காட்டி, திசைச் சுழலி, ஏறும் இறங்கும் வேகத்தைக் காட்டும் கருவி. இந்த ஆறும் மூன்று வகை ஆதாரங்களால் இயங்குகின்றன என்பதைப் புரிந்து கொண்டால் பாதி வேலை முடிந்தது.

வேகமானி, உயரமானி, ஏறும் இறங்கும் வேகக் கருவி ஆகிய மூன்றும் காற்றழுத்தத்தால் இயங்குபவை. இறக்கையின் அடியில் நீட்டிக் கொண்டிருக்கும் பிட்டோ குழாயும், உடற்பகுதியின் பக்கவாட்டில் இருக்கும் சிறு துளையும் அவற்றுக்கு மூக்கு மாதிரி. திருப்பங்காட்டி மின்சாரத்தில் சுழல்கிறது. செயற்கை அடிவானமும் திசைச் சுழலியும் இன்ஜினோடு இணைந்த வெற்றிடப் பம்பினால் சுழல்கின்றன. அந்தப் பம்பு உறிஞ்சும் காற்று சுழலியின் சக்கரத்தைச் சுற்ற வைக்கிறது.

வில்லங்கம் இந்தப் பம்பில்தான் இருக்கிறது. அதன் உள்ளே கரியால் செய்த மெல்லிய தகடுகள் சுழல்கின்றன. அவை தேய்ந்து தேய்ந்து ஒரு நாள் சட்டென்று நொறுங்கும். முன்னறிவிப்பு இருக்காது. பம்பு நின்றதும் சுழலி உடனே நிற்பதில்லை. பம்பரம் தள்ளாடுவதைப் போல மெல்ல மெல்ல வேகம் குறைந்து, அடிவானப் படம் கொஞ்சம் கொஞ்சமாகச் சாயும். விமானி அதை நம்பி விமானத்தைச் சாய்த்துக் கொண்டே போவார். உடனே செத்துவிடும் கருவியை விட, மெல்லப் பொய் சொல்லும் கருவி ஆபத்தானது.

ஆகவே பழைய பலகையில் கை வைக்க வேண்டிய முதல் இடம் இதுதான் என்று பெரும்பாலான அனுபவசாலிகள் சொல்வார்கள். கணினித் திரை, வண்ண வரைபடம், தொடுதிரை எல்லாம் பிறகு.

எங்கே பறக்கப் போகிறார்?

பட்டியல் போட உட்காருவதற்கு முன் உரிமையாளர் ஒரு கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். கடந்த இரண்டு ஆண்டுகளில் இந்த விமானம் எங்கெல்லாம் போனது? ஆசைப்பட்ட இடங்கள் அல்ல, பறப்புக் குறிப்பேட்டில் உண்மையிலேயே எழுதப்பட்ட இடங்கள்.

சுபாங்கிலிருந்து கிளம்பி, கடற்கரையை ஒட்டி வடக்கே போய், சிலாங்கூர் ஆற்று முகத்துவாரத்தையும் புக்கிட் மலாவத்தி கலங்கரை விளக்கத்தையும் பார்த்துவிட்டு, தஞ்சோங் காராங், சிகிஞ்சான் நெல் வயல்களின் கட்டங்களுக்கு மேலே ஒரு சுற்றுச் சுற்றித் திரும்புபவர் ஒருவர். ஈப்போ, பினாங்கு, லங்காவி என்று மேகத்துக்குள் புகுந்து வெளிவந்து பயணம் செய்பவர் இன்னொருவர். இருவருக்கும் ஒரே பலகை தேவைப்படாது.

முதலாமவர் பார்வையை நம்பிப் பறப்பவர். இத்தகைய பறத்தலுக்கு 5 கிலோமீட்டர் தூரம் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பது உலகளாவிய அடிப்படை விதி. வட சிலாங்கூரின் தட்டையான நிலத்தில், பெஸ்தாரி ஜெயாவிலிருந்து கடற்கரை வரை வழிகாட்டும் மலை கிடையாது. செம்பனை வரிசைகள் ஒன்றைப் போலவே ஒன்று இருக்கும். பத்தாங் பெர்ஜுந்தை என்று முன்பு பெயர் பெற்றிருந்த அந்தப் பகுதியின் தென்னமரம் தோட்டத்தில்தான் 1917இல் ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தைப் போட்டார். (அவரே பின்னாளில் நாவல் எழுதி 1930இல் பிரான்சின் உயரிய இலக்கியப் பரிசையும் பெற்றார் என்பது தனிக் கதை.) நூறு ஆண்டுகளுக்குப் பிறகு மேலிருந்து பார்த்தால் கண்ணுக்கெட்டிய வரை அதே பச்சை. பிற்பகலில் இடிமழை கட்டும்போதும், புகைமூட்டக் காலத்திலும் இந்தப் பச்சையும் சாம்பல் நிற வானமும் ஒன்றாகிவிடும். ஆகவே பார்வையை மட்டும் நம்பிப் பறப்பவருக்கும் நம்பகமான செயற்கை அடிவானம் ஒன்று வேண்டும். மேகத்துக்குள் போவதற்காக அல்ல, தவறிப் போய் மாட்டிக்கொண்டால் ஒழுங்காகத் திரும்பி வருவதற்காக.

அதோடு இந்த வானம் முன்பு போல அமைதியாக இல்லை. 1965இல் திறக்கப்பட்ட சுபாங் நிலையம், 1998இல் சிப்பாங்கில் புதிய அனைத்துலக விமான நிலையம் வந்த பிறகு ஓரளவு ஓய்ந்திருந்தது. 2024 ஆகஸ்டிலிருந்து அங்கே பயணிகள் ஜெட் விமானங்கள் மீண்டும் இறங்குகின்றன. ஆகையால் நல்ல வானொலியும், தரைக் கட்டுப்பாட்டு நிலையத்தின் ரேடாருக்கு விமானத்தின் அடையாளத்தையும் உயரத்தையும் தெரிவிக்கும் டிரான்ஸ்பாண்டரும் பட்டியலில் மேலே வர வேண்டும். திரையில் அழகாகத் தெரியாத பொருள்கள்தான். ஆனால் மற்ற விமானங்களிடமிருந்து பிரித்து வைப்பவை அவைதான்.

விளம்பரத்தைப் பார்த்து வாங்குவதில் ஓர் எச்சரிக்கை. பெரும்பாலான கருவிகள் அமெரிக்கச் சந்தைக்காகச் செய்யப்படுகின்றன. செயற்கைக்கோள் திசைகாட்டியைத் திருத்தி, ஓடுபாதைக்கு மிக நுட்பமாக வழிகாட்டும் 'வாஸ்' என்ற அமைப்பு வட அமெரிக்காவுக்காகக் கட்டப்பட்டது. இந்தியாவின் 'ககன்' இந்திய வானுக்காக அமைக்கப்பட்டது. அமெரிக்க விமானி அந்த வசதிக்காகக் கூடுதல் பணம் கொடுப்பதில் நியாயம் உண்டு. அதே பலன் கோல சிலாங்கூர் வானத்தில் கிடைக்கும் என்று எண்ணி வாங்குவது கடலில் பெருங்காயம் கரைப்பதாகும். அதே போல வரைபடத் தரவு 28 நாட்களுக்கு ஒரு முறை புதுப்பிக்கப்படுகிறது, அதற்குச் சந்தா உண்டு. கருவியின் விலையை மட்டும் கணக்கிட்டவர்கள் ஆண்டு தோறும் வரும் இந்தச் செலவைப் பார்த்து விழிப்பார்கள்.

மாறிய சந்தை

பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு வரை, சான்றிதழ் பெற்ற பழைய விமானத்தில் மின்னணு அடிவானம் பொருத்துவது விமானத்தின் விலையில் பாதியை விழுங்கிவிடும். வீட்டிலேயே விமானம் கட்டுபவர்கள் மலிவான நல்ல திரைகளைப் பொருத்திக் கொள்ள, தொழிற்சாலை விமானம் வைத்திருந்தவர்கள் ஏக்கத்தோடு பார்த்துக் கொண்டிருந்தார்கள். 2016இல் இந்த நிலை மாறியது. அந்த ஆண்டு டைனன் நிறுவனத்தின் டி10ஏ, பிறகு கார்மினின் ஜி5 ஆகிய சிறிய மின்னணுக் கருவிகளைப் பழைய செஸ்னா, பைப்பர் போன்ற விமானங்களில் பொருத்த அமெரிக்க விமானத் துறை வழி செய்தது. ஜி5 வந்தபோது அதன் தொடக்க விலை 2,149 அமெரிக்க டாலர். பழைய வட்டக் கருவி இருந்த அதே துளையில் உட்காரும். உள்ளே சுழலும் சக்கரம் கிடையாது. தனி மின்கலம் உண்டு, விமானத்தின் மின்சாரம் போனாலும் பல மணி நேரம் தாக்குப் பிடிக்கும்.

இப்படி இரண்டு கருவிகளைப் பொருத்தினால், ஒன்று அடிவானத்தையும் மற்றொன்று திசையையும் காட்டும். பிறகு வெற்றிடப் பம்பையும் அதன் குழாய்களையும் கழற்றிவிடலாம். சில கிலோ எடை குறையும், ஒரு பெரிய கவலையும் குறையும். வசதி குறைந்த உரிமையாளருக்கு இன்று கிடைக்கும் மிகச் சிறந்த முதலீடு இது என்று தாராளமாகச் சொல்லலாம்.

ஆனால் இங்கே பலர் விழும் பள்ளம் ஒன்று உண்டு. விமானத்தில் பழைய தானியங்கி ஓட்டி இருந்தால், அது தன் தகவலை எங்கிருந்து பெறுகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். செஞ்சுரி வகையைச் சேர்ந்த பல, பழைய செயற்கை அடிவானத்திலிருந்தே தகவல் பெறுகின்றன. அந்தக் கருவியைக் கழற்றினால் தானியங்கி ஓட்டியும் குருடாகிவிடும். எஸ்-டெக் வகை திருப்பங்காட்டியை நம்பியிருக்கிறது. அங்கே 'இந்தப் பழசு எதற்கு' என்று திருப்பங்காட்டியைத் தூக்கி எறிந்தால் அதே கதிதான். வேலை பாதி நடந்த பிறகு இது தெரிய வந்தால், புதிய தானியங்கி ஓட்டிக்கும் பணம் தேட வேண்டியிருக்கும்.

மின்சாரமும் எடையும்

1978க்கு முந்திய செஸ்னா 172களில் மின்னமைப்பு 14 வோல்ட், பிந்தியவற்றில் 28 வோல்ட். புதிய கருவிகள் பெரும்பாலும் இரண்டையும் ஏற்கும். ஆனால் கூடவே வரும் வெப்பமூட்டி, விளக்கு, மின்விசிறி போன்றவை ஏற்காமல் போகலாம். எனவே விமானத்தில் உள்ள ஒவ்வொரு மின்பொருளும் எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்று எழுதிக் கூட்டிப் பார்க்க வேண்டும். தொடர்ந்து இழுக்கும் மொத்த அளவு, மின்னாக்கியின் திறனில் 80 விழுக்காட்டைத் தாண்டாமல் இருப்பது நல்ல வழக்கம். 60 ஆம்பியர் மின்னாக்கி என்றால் 48க்குள் அடங்க வேண்டும். வெற்றிடப் பம்பைக் கழற்றிய பிறகு எல்லாமே மின்சாரத்தை நம்பித்தான் இருக்கின்றன என்பதால் இந்தக் கணக்கில் அலட்சியம் கூடாது.

நம் தட்பவெப்பத்துக்கான ஒரு விஷயமும் உண்டு. பலகைக்குப் பின்னால் காற்றோட்டம் இல்லாத இடத்தில் மின்னணுப் பெட்டிகளை நெருக்கி அடுக்கி, விமானத்தை நண்பகல் வெயிலில் நிறுத்தினால் உள்ளே அடுப்பு மாதிரி ஆகிவிடும். கடற்காற்றின் உப்பும் ஈரப்பதமும் இணைப்பு முனைகளைப் பச்சை பூக்கச் செய்யும். புதிய கருவிகளைப் பழைய கம்பிகளோடு இணைத்துப் பணத்தை மிச்சப்படுத்த நினைப்பவர்கள் கடைசியில் அந்தப் பழைய கம்பிக்காகவே திரும்பத் திரும்பப் பட்டறைக்கு ஓடுவார்கள். 50 ஆண்டுகளில் யார் யாரோ சேர்த்து, பிறகு துண்டித்துவிட்டுப் போன கம்பிகள் பலகைக்குப் பின்னால் குருவிக் கூடு போலக் கிடக்கும். இனி பயன்படாத வானொலித் திசைகாட்டியின் கம்பியும் ஆன்டெனாவும் அதில் அடங்கும். அவற்றை முழுவதுமாக உருவி எடுப்பதற்கே சில நாள் கூலி ஆகும். கூலி கருவியின் விலைக்குச் சமமாக, சில வேளை அதை விட அதிகமாக வருவதற்கு இதுதான் காரணம். பட்டறைக்காரர் ஏமாற்றுகிறார் என்று உடனே முடிவு கட்டிவிட வேண்டாம்.

வேலை முடிந்ததும் விமானத்தை மீண்டும் எடை போட்டு, ஈர்ப்பு மையம் எங்கே விழுகிறது என்று கணக்கிட வேண்டும். காகிதத்தில் கூட்டிக் கழித்துப் போட்ட எடை பல ஆண்டுகளாகப் பிழை சுமந்து வந்திருக்கும்.

ஒப்புதல் இல்லாமல் ஓர் ஆணி கூடாது

காரில் புதிய ரேடியோ பொருத்துவது போன்றது அல்ல இது. ஒரு விமானத்தின் வடிவமைப்பு வகைச் சான்றிதழோடு கட்டுப்பட்டது. அதில் மாற்றம் செய்ய அங்கீகரிக்கப்பட்ட ஆவணம் வேண்டும். கருவி தயாரிப்பாளர் அமெரிக்காவில் துணை வகைச் சான்று வாங்கி, அது எந்தெந்த விமான மாடல்களுக்குப் பொருந்தும் என்ற பட்டியலையும் வெளியிட்டிருப்பார். தன் விமானத்தின் துல்லியமான மாடல் எழுத்து அதில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 172எம் இருந்தால் 172என்னும் இருக்கும் என்று ஊகிக்கக் கூடாது.

9எம் என்று தொடங்கும் பதிவு எண் கொண்ட விமானத்துக்கு அதிகாரம் மலேசிய பொது விமானப் போக்குவரத்து ஆணையத்திடம் இருக்கிறது. முன்பு இலாகாவாக இருந்து 2018இல் ஆணையமானது. அமெரிக்கச் சான்று கையில் இருப்பதால் இங்கே தானாகவே அனுமதி கிடைத்துவிட்டதாக எண்ணிக் கருவிகளை வரவழைத்துவிட்டு, பிறகு கோப்பைத் தூக்கிக் கொண்டு அலைவது முறையல்ல. முதலில் அனுமதி பெற்ற பட்டறையோடு பேசி, என்ன ஆவணங்கள் சமர்ப்பிக்க வேண்டும் என்று எழுத்துபூர்வமாகத் தெரிந்து கொண்டு, அதன் பிறகே முன்பணம் கட்ட வேண்டும். 'சோதனை விமானங்களுக்கு மட்டும்' என்று குறிக்கப்பட்டு மலிவாக விற்கப்படும் கருவி, உள்ளே அதே மூளையைக் கொண்டிருந்தாலும், சான்றிதழ் விமானத்தில் சட்டப்படி ஏறாது. அந்த விமானம் விபத்தில் சிக்கினால் காப்புறுதி நிறுவனம் முதலில் தேடுவது இந்தத் தாள்களைத்தான்.

எது எங்கே இருக்க வேண்டும்?

பலகையின் படத்தை அசல் அளவில் தாளில் அச்சிட்டு, அட்டையில் ஒட்டி, விமானத்தில் வைத்துப் பார்ப்பது நல்ல பழக்கம். செலவு சில வெள்ளிதான். உட்கார்ந்து, வார் கட்டி, கையை நீட்டிப் பார்க்க வேண்டும். வெயில் எந்தப் பக்கத்திலிருந்து திரையில் விழுகிறது, கட்டுப்பாட்டுப் பிடி எதை மறைக்கிறது என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும்.

இந்த இட விஷயம் எத்தனை முக்கியம் என்பதற்கு ஒரு துயரமான சான்று உண்டு. 2000ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் தேதி அமெரிக்காவின் மிசௌரி மாநில ஆளுநர் மெல் கார்னஹான், தம் மகன் ஓட்டிய செஸ்னா 335 விமானத்தில் இரவில், மோசமான வானிலையில் பயணம் செய்தார். விமானியின் எதிரே இருந்த செயற்கை அடிவானம் பழுதானது. வலப்பக்க இருக்கைக்கு எதிரே இன்னொன்று நல்ல நிலையில் இருந்தது. அதைப் பார்த்து ஓட்ட முயன்றார். கொந்தளிக்கும் காற்றில், இருட்டில், தலையைத் திருப்பித் திருப்பிக் குறுக்கே பார்த்து ஓட்ட வேண்டிய நிலை. திசை உணர்வு தடுமாறி விமானம் விழுந்தது, மூவரும் மாண்டனர். முதன்மைக் கருவியின் பழுது விபத்துக்குத் துணைக் காரணம் என்று விசாரணை கூறியது. மாற்றுக் கருவி இருந்தும் அது கைகொடுக்கவில்லை. ஆகவே துணை அடிவானம் விமானிக்கு நேர் எதிரே, முதன்மைக் கருவிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். வலப்பக்கம் இடம் காலியாக இருக்கிறது என்று அங்கே தள்ளக் கூடாது.

பொத்தான்களும் அப்படித்தான். 2023ஆம் ஆண்டு ஆகஸ்டு 17ஆம் தேதி சுபாங்கில் இறங்கவிருந்த பீச்கிராஃப்ட் 390 ஜெட் விமானம் எல்மினாவில் சாலையில் விழுந்து, விமானத்தில் இருந்த எட்டுப் பேரும் சாலையில் சென்ற இருவரும் உயிரிழந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். தரையிறங்கிய பிறகு மட்டுமே விரிக்க வேண்டிய இறக்கைத் தடுப்புகள், இறங்கும் முன் நடக்கும் சரிபார்ப்பின்போது தவறுதலாக விரிக்கப்பட்டன என்று 2024இல் வெளியான இறுதி அறிக்கை தெரிவித்தது. அது சிறு விமானம் அல்ல, கருவிப் பலகை மாற்றமும் அங்கே காரணமல்ல. என்றாலும், ஒரு பொத்தானை இன்னொன்றின் பக்கத்தில் வைப்பதற்கு முன் ஒரு தடவைக்கு இரண்டு தடவை யோசிக்க வைக்கும் நிகழ்ச்சி அது. பறக்கும்போது தொடக் கூடாத பொத்தானும் அடிக்கடி தொடும் பொத்தானும் ஒரே வடிவத்தில், ஒரே வரிசையில் இருக்கக் கூடாது.

எல்மினா என்ற பெயர் விமானத் துறையில் அதற்கு முன்பே பதிவானது. 1977 செப்டம்பர் 27ஆம் தேதி ஜப்பான் ஏர்லைன்ஸ் டிசி-8 விமானம் சுபாங்கை நோக்கி இறங்கும்போது எல்மினா தோட்டத்தின் குன்றில் மோதி 34 பேர் மாண்டனர். ஓடுபாதை கண்ணுக்குத் தெரியாமலே, அனுமதிக்கப்பட்ட குறைந்தபட்ச உயரத்துக்குக் கீழே இறங்கியதே காரணம். பலகையில் உயரமானி இல்லாமலா போயிற்று? இருந்தது.

திரைக்குப் பின்னால் ஒரு குழாய்

எத்தனை உயர்ந்த திரை வாங்கினாலும் வேகமும் உயரமும் பிட்டோ, நிலையழுத்தக் குழாய்கள் வழியாகத்தான் வர வேண்டும். 2018 ஜூலை 18ஆம் தேதி பிரிஸ்பனிலிருந்து கோலாலம்பூருக்குப் புறப்பட்ட மலேசியா ஏர்லைன்ஸின் எம்எச் 134 விமானத்தை நினைத்துப் பார்க்கலாம். அங்கே குளவிகள் பிட்டோ குழாய்க்குள் கூடு கட்டும் தொல்லை இருப்பதால் நிறுத்தத்தில் குழாய்களுக்கு உறை போட்டிருந்தார்கள். அந்த உறைகளைக் கழற்றாமலே விமானம் கிளம்பிவிட்டது. ஏர்பஸ் ஏ330 போன்ற நவீன விமானத்திலும் வேகம் தெரியவில்லை. விமானிகள் மாற்று முறைகளைக் கையாண்டு பத்திரமாகத் திரும்பி இறங்கினர்.

குளவி நம் ஊரிலும் உண்டு. ஆகவே பலகை மாற்றத்துக்கான திட்டத்தில் பிட்டோ, நிலையழுத்தக் குழாய்களின் ரப்பர் இணைப்புகளைப் புதிதாக மாற்றுவதையும், கசிவுச் சோதனையையும் சேர்த்துவிட வேண்டும். பலகை திறந்து கிடக்கும்போது இதைச் செய்ய ஆகும் செலவு சொற்பம். பிறகு தனியாகச் செய்தால் எல்லாவற்றையும் மறுபடி கழற்ற வேண்டும். இன்ஜினின் ஒவ்வொரு சிலிண்டரின் வெப்பத்தையும் காட்டும் கருவி, கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி ஆகியவற்றுக்கும் இதுவே சமயம். இவற்றைப் பற்றி யாரும் பெருமையாகப் பேசுவதில்லை. இன்ஜின் கெடுவதை முன்கூட்டியே சொல்பவை இவை.

பட்டறையிலிருந்து திரும்பிய பிறகு

அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2010இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. 2002க்கும் 2006க்கும் இடையில் தயாரான 8,000க்கும் மேற்பட்ட சிறு விமானங்களை எடுத்துக் கொண்டு, கண்ணாடித் திரைப் பலகை கொண்டவற்றையும் பழைய வட்டக் கருவிகள் கொண்டவற்றையும் ஒப்பிட்டது. திரை கொண்டவற்றில் மொத்த விபத்து விகிதம் குறைவாக இருந்தது. ஆனால் உயிரிழப்பு ஏற்பட்ட விபத்துகளின் விகிதம் கூடுதலாக இருந்தது. திரை கொண்ட விமானங்கள் அதிகமாக நெடுந்தூரப் பயணங்களுக்கும் மோசமான வானிலையிலும் பயன்பட்டதும் இதில் ஒரு பங்கு. இருந்தாலும், திரை வந்ததும் பாதுகாப்பும் தானாக வந்துவிடவில்லை என்பது தெளிவு. அந்தந்தக் கருவிக்கு உரிய தனிப் பயிற்சி வேண்டும் என்று வாரியம் பரிந்துரைத்தது.

வட்டக் கருவியில் முள்ளின் கோணத்தை ஓரக்கண்ணால் பார்த்தே விமானி நிலைமையைப் புரிந்து கொள்வார். திரையில் எண்கள் நாடாவாக ஓடும், அவற்றைப் படிக்க வேண்டும். முப்பது ஆண்டுகள் முள்ளைப் பார்த்துப் பழகியவருக்குத் தொடக்கத்தில் இது தடுமாற்றம் தரும். அதனால்தான் வேகமானியையும் உயரமானியையும் பழைய வட்டங்களாகவே விட்டுவிட்டு, அடிவானத்தையும் திசையையும் மட்டும் மாற்றும் வழியைப் பல உரிமையாளர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். குறைந்த செலவில் முடிவதோடு, கண்ணுக்குப் பழகிய பாதியும் அப்படியே இருக்கிறது. நான்கு பேர் கூட்டாக வைத்திருக்கும் விமானத்தில் இது இன்னும் பொருத்தம். நால்வரின் வயதும் பழக்கமும் ஒன்றாக இருப்பதில்லை.

பட்டறையிலிருந்து விமானத்தை எடுக்கும்போது மாற்றத்துக்கான சான்று, புதிய எடைக் கணக்கு, கம்பி இணைப்பு வரைபடம், பறப்புக் கையேட்டின் பிற்சேர்க்கை ஆகிய அனைத்தும் கையில் வந்த பிறகே மீதிப் பணத்தைக் கொடுக்க வேண்டும். பலகை மூடப்படுவதற்கு முன் பின்பக்கத்தைப் படம் எடுத்து வைத்துக் கொண்டால் பத்து ஆண்டு கழித்துப் பழுது பார்ப்பவர் வாழ்த்துவார்.

முதல் சில பறத்தல்களை மழையில்லாத, காற்று தெளிந்த காலை வேளையில் வைத்துக் கொள்ள வேண்டும், பயணிகள் இல்லாமல், பக்கத்தில் அந்தக் கருவி தெரிந்த பயிற்சியாளரோடு. ஆற்று முகத்துவாரத்துக்கு அப்பால் அடிவானம் கோடு போட்டது போலத் தெரியும்போது, முகத்துக்கு மறைப்பு மாட்டிக் கொண்டு, கருவியை மட்டும் பார்த்து 180 பாகை திரும்பப் பழக வேண்டும். பயிற்சியாளர் வெளியே பார்த்துக் கொள்வார். ஒரு தடவை முதன்மைத் திரையை அவர் அணைத்துவிடுவார். அப்போது துணைக் கருவியை வைத்து அதே திருப்பத்தை முடிக்க வேண்டும். இதைப் பதற்றமில்லாமல் செய்ய வரும் வரை, புகைமூட்ட மாதங்களில் விமானம் கொட்டகையிலேயே நிற்கட்டும்.